மந்திரம் கால்... மதி முக்கால்!

வாளும் வேணாம், வில்லும் வேணாம்... கோலும் கையுமா கிளம்புற ஆசாமியா நீங்க? நிஜமாவே மந்திரவாதியா உணர வைக்கிற ஆர்.பி.ஜி. கேம் எது, கலர் லைட் காட்டி ஏமாத்துற கேம் எது? ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க!

சத்திரத்து வாசப்படியில ஒருத்தன் நிக்கிறான். சிரிச்ச முகமா பேரைக் கேட்கிறான். நானும் சொல்லித் தொலைச்சேன். உடனே கையைத் தூக்கி என்னமோ முணுமுணுத்தான். ஒருத்தன் நின்ன இடத்துல நாலஞ்சு பேர் தெரிஞ்சாங்க. எதை வெட்டுறதுன்னே புரியல. ரெண்டாவது முணுமுணுப்பு... என் கூட வந்தவங்க எல்லாம் அலறியடிச்சு திசைக்கு ஒருத்தரா ஓடுறாங்க. நான்? அவுட்!

1998-ல வந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாடினவங்களுக்கு இந்த இடம் மறக்கவே மறக்காது. அந்தச் சத்திரத்துக்குப் பேரு 'ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன்'. என்னா ஃப்ரெண்ட்லி!

2000-களோட தொடக்கம், ஹாஸ்டல் ரூம், நாலு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். நான் அப்போ போர்வீரன்தான் எடுப்பேன். காரணம் வீரம் இல்லை பாஸ், பயம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். மந்திரவாதியை எடுத்தா ஒவ்வொரு மந்திரத்துக்கும் பத்து வரி இங்கிலீஷ் படிக்கணும். போர்வீரன்னா மவுஸைத் தட்டினா வெட்டுவான், கதை முடிஞ்சது. ஏழாவது தடவையா அந்த வாசப்படியில நான் செத்து விழுந்தப்போ பின்னாடி நின்ன ரூம்மேட் சொன்னான். "மச்சான், அவன் உன்னை பலத்தால அடிக்கலடா. அவன் படிச்சிருக்கான். அதான் ஜெயிக்கிறான்."

சுருக்குனு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே புது கேரக்டர். மந்திரவாதி! பக்கத்துல ஒரு டிக்‌ஷனரி.

இது மந்திரமா, கலர் துப்பாக்கியா?

அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எந்த ஆர்.பி.ஜி. கேம் எடுத்தாலும் நான் மந்திரவாதிதான். நிறைய தடவை ஏமாந்தும் இருக்கேன். பட்டனை அமுக்கினா கையிலேர்ந்து நீலக் கலர்ல ஒண்ணு பறக்கும், எதிரியோட உயிர் கொஞ்சம் குறையும். லெவல் ஏறினா அதே நீலம் கொஞ்சம் பெருசா பறக்கும். அவ்ளோதான். அந்தக் கோலைப் பிடுங்கிட்டு ஒரு வில்லைக் கொடுத்துப் பாருங்க, ஒரு வித்தியாசமும் தெரியாது.

2011-ல வந்த 'ஸ்கைரிம்' மேல மந்திரப் பிரியர்களுக்கு இருக்கிற வருத்தமே இதுதான். அருமையான உலகம், சந்தேகமே இல்லை. ஆனா அழிவு மந்திரத்துல உங்க ஸ்கில் ஏற ஏற, மந்திரத்துக்கு ஆகுற செலவுதான் குறையும். ஸ்கில் ஏறினதுக்காக அடியோட பலம் ஏறாது. பக்கத்துல வாள் வச்சிருக்கிறவன் ஸ்கில்லையும் ஏத்தி, வாளையும் பட்டை தீட்டிக்கிட்டு எங்கேயோ போயிடுவான். நாம சுவர் ஓரமா நின்னு மெழுகுவத்தி ஊதிட்டு இருப்போம்.

ஒரு ஆர்.பி.ஜி. கேம் 50 மணி நேரம், 100 மணி நேரம் சாப்பிடும். பாக்கெட் மணியில செமஸ்டருக்கு ஒரு கேம் வாங்குறதே பெரிய விஷயம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி நான் மூணே கேள்வி கேட்பேன்.

ஒண்ணு, வாளால முடியாத எதையாவது இந்த மந்திரம் செய்யுதா? ரெண்டு, என் கேரக்டருக்கு மட்டுமில்லாம என் மூளைக்கும் வேலை இருக்கா? மூணு, மந்திரத்துக்கு நான் ஏதாவது விலை கொடுக்கணுமா?

மூணுக்கும் 'ஆமா' வந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். ரெண்டு வந்தா ஆஃபர் வரும்போது வாங்கலாம். ஒண்ணுகூட வரலையா? அது துப்பாக்கி பாஸ், பெயின்ட் அடிச்ச துப்பாக்கி!

படி... கொட்டு... மற!

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1974-ல 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டாங்க. பேப்பர், பென்சில், பகடை, நாலு நண்பர்கள். இன்னிக்கு இருக்கிற ஆர்.பி.ஜி.க்கள்ல பெரும்பாலானதுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி. மந்திரம் எப்படி வேலை செய்யணும்ங்கிற விதியை அவங்க எடுத்தது ஜாக் வான்ஸ்ங்கிற எழுத்தாளர்கிட்டேர்ந்து. 1950-ல வந்த அவரோட 'தி டையிங் எர்த்' புத்தகத்துல மந்திரவாதிகள் உட்கார்ந்து மந்திரத்தை மனப்பாடம் பண்ணுவாங்க. மண்டையில நாலஞ்சுக்கு மேல நிக்காது. ஒரு தடவை உச்சரிச்சா போதும், அது மறந்துடும். மறுபடி வேணும்னா மறுபடி படிக்கணும்.

படி, ஹால்ல போய்க் கொட்டு, வெளியே வந்ததும் மற. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம செமஸ்டர் எக்ஸாமேதான்!

கொசுறு தகவல்: வான்ஸ் பேரோட இங்கிலீஷ் எழுத்துகளை இடம் மாத்திப் போட்டா 'வெக்னா'ன்னு வரும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸோட பிரபல வில்லன். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

நான் புதுசா எடுத்த மந்திரவாதியும் இந்த விதியிலதான் மாட்டினான். முதல் லெவல்ல மொத்த உயிரே 4 பாயின்ட். உடம்பு நல்லா இருந்தா 6. ஒரு ஓநாய் முறைச்சாலே போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். ஆனா அந்த ஒண்ணு எதுங்கிறதுல இருக்கு விஷயம். நெருப்பு, மின்னல்னு ஆசைப்படாம 'ஸ்லீப்' எடுத்தேன். வந்த கும்பல் மொத்தமும் கொர்ர்ர்! மதியம் ரெண்டு மணி லெக்சருக்கு இருக்கிற அதே சக்தி. தூங்குறவனைத் தட்டிட்டுப் போறதுக்கு பலசாலி எதுக்கு?

செஸ் ஆடுறவங்களுக்கு...

2000-ல வந்த 'பால்டர்ஸ் கேட் 2', என் கணக்குல, மந்திரவாதிச் சண்டைக்கு இன்னும் ஹெட்மாஸ்டர். இங்கே ரெண்டு மந்திரவாதிகள் மோதினா அது சண்டை இல்லை, சதுரங்கம். எதிரி 'ஸ்டோன்ஸ்கின்' போட்டு உடம்பைக் கல்லாக்கிப்பான். அதுக்கு மேல பார்வையிலேர்ந்து மறைஞ்சுடுவான். அதுக்கும் மேல, உங்க மந்திரம் உங்க மேலயே திரும்புற மாதிரி ஒரு கவசம். நீங்க என்ன பண்ணணும்? முதல்ல 'ட்ரூ சைட்' போட்டு மாயையைக் கலைக்கணும், மறைஞ்சிருக்கிறவன் மேல குறி வைக்க முடியாதே! அப்புறம் 'ரூபி ரே' விட்டு மந்திரக் கவசத்தை உடைக்கணும். அப்புறம் 'ப்ரீச்' விட்டு கல் தோலை உரிக்கணும். வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா. வரிசை மாறினா கண்ணுல தண்ணி உங்களுக்குத்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'கன்டிஞ்சென்சி'ங்கிற மந்திரம். 'என் உயிர் பாதிக்கு வந்தா தானா இந்தக் கவசம் வந்துடணும்'னு முன்கூட்டியே கட்டி வச்சுக்கலாம். அடிபட்டப்புறம் யோசிக்கிறவன் போர்வீரன். அடிபடுறதுக்கு முன்னாடியே யோசிச்சு முடிச்சவன் மந்திரவாதி.

இன்னொரு கூத்து. கதை நடக்கிற அத்கட்லா நகரத்துல நடுத்தெருவுல மந்திரம் போட்டா, முக்காடு போட்ட மந்திரவாதி போலீஸ் திடீர்னு முளைச்சு வார்னிங் கொடுப்பாங்க. அடுத்த தடவை அடிதான். தப்பிக்கணுமா? 5000 பொற்காசு கட்டி லைசென்ஸ் எடுக்கணும். மாயாஜால உலகத்துலயும் விட்டபாடில்லை!

வானத்துலேர்ந்து விழுந்தவன்

'மந்திரத்தால மாங்காய் விழுமா?'ன்னு நம்ம ஊர்ல கேட்பாங்க. 2002-ல வந்த 'மாரோவிண்ட்'ல ஆளே விழுவான்! கேம் ஆரம்பிச்ச ஊரை விட்டு ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தா, மேலேர்ந்து 'ஆஆஆ'ன்னு ஒரு சத்தம். தொப்! ஒரு மந்திரவாதி செத்துக் கிடப்பான். பையைத் துழாவினா மூணு மந்திரச் சுருள். படிச்சா தாவுற திறமை 1000 பாயின்ட் எகிறும், 7 விநாடிக்கு மட்டும். ஒரே தாவல்ல மலை, ஆறு, ஊரெல்லாம் தாண்டிப் பறப்பீங்க. பறக்கும்போதுதான் பொறி தட்டும். 7 விநாடி முடிஞ்சப்புறம்தானே தரைக்கு வருவோம்? தொப்! அவன் பண்ணின அதே தப்பு.

ஆனா புத்திசாலி என்ன பண்ணுவான்? தரை வர்ற நேரத்துல ரெண்டாவது சுருளைப் பிரிப்பான். பூ மாதிரி இறங்குவான். எந்த டியூட்டோரியலும் இதைச் சொல்லாது. நீங்களா கண்டுபிடிக்கணும்.

இந்த கேம்ல காசு கொடுத்தா சொந்தமா மந்திரமே தயாரிக்கலாம். எது நடக்கணும், எவ்வளவு பலம், எத்தனை விநாடி, எவ்வளவு சுற்றளவு எல்லாம் உங்க இஷ்டம். டெல்வானி வம்சத்து மந்திரவாதிகள் காளான் கோபுரத்துல குடியிருப்பாங்க. மேல போகப் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரிஞ்சா வா, இல்லைன்னா நடையைக் கட்டு! அடுத்து 2006-ல வந்த 'அப்ளிவியன்'ல மந்திரம் தயாரிக்கிற வசதி இருந்துச்சு, பறக்கிறது போச்சு. 'ஸ்கைரிம்'ல தயாரிக்கிறதும் போச்சு. படம் அழகாக அழகா மந்திரம் இளைச்சுக்கிட்டே வந்த கதை இது. 'அப்ளிவியன்' 2025 ஏப்ரல்ல புதுப் பொலிவோட மறுபடி வந்துச்சு. ஸ்கைரிம் வச்சிருக்கிறவங்க 'அபோகலிப்ஸ்'ங்கிற மாட் போட்டா 150-க்கும் மேல புது மந்திரங்கள் கிடைக்கும். ஆறுதல்!

கெமிஸ்ட்ரி லேப் மாணவர்களுக்கு...

பெல்ஜியத்துல இருக்கிற லாரியன் ஸ்டூடியோ 2017-ல கொடுத்தது 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2'. இதுல தரைதான் ஹீரோ. மழை பெய்ய வச்சா நெருப்பு அணையும், தண்ணி தேங்கும். அந்தத் தண்ணியில மின்னல் விட்டா நிக்கிறவன் எல்லாம் ஸ்தம்பிச்சுடுவான். எண்ணெயில நெருப்பு வச்சா எரியும், விஷத்துல வச்சா வெடிக்கும். நீங்க போட்ட மின்னல் தேங்கின தண்ணி வழியா ஓடி வந்து உங்க ஆளையே தாக்கும்போது, லேப்ல எதையோ மாத்தி ஊத்திட்டு மாஸ்டரைப் பார்ப்போமே, அந்த முழி முழிப்பீங்க.

அதே ஸ்டூடியோ 2023 ஆகஸ்ட்ல கொண்டுவந்த 'பால்டர்ஸ் கேட் 3' இன்னும் ஒரு படி மேல. எதிரியை நனைச்சுட்டு மின்னலோ பனியோ விட்டா அடி ரெட்டிப்பு. பெரிய மந்திரங்கள் பலதுக்கும் 'கான்சென்ட்ரேஷன்' வேணும். ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் பிடிச்சு வைக்க முடியும், நடுவுல அடி வாங்கினா கவனம் சிதறி அது கலையலாம். செத்தவங்களை எழுப்பி விசாரிக்கலாம், பறக்கலாம், கீழே கிடைக்கிற சுருளைக் காசு செலவு பண்ணிப் படிச்சு உங்க ஏட்டுல சேர்த்துக்கலாம். இப்போ ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான்.

விலை கொடுத்தாதான் வித்தை

மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா? மந்திரத்துக்கு விலை. 2009-ல வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' இதை ஊர் உலகத்தோட சேர்த்துக் கேட்குது. இங்கே மந்திரசக்தியோட பிறந்த குழந்தையைக் கோபுரத்துல கொண்டுபோய் அடைச்சுடுவாங்க. பூதம் பிடிச்சுடும்னு ஊருக்கே பயம். காவலுக்கு டெம்ப்ளர்ங்கிற வீரர்கள். ஓடிப்போனா கண்டுபிடிக்க, உங்க ரத்தத்தை ஒரு குப்பியில எடுத்து வச்சிருப்பாங்க. நீங்க மந்திரவாதியா ஆரம்பிச்சா முதல் காட்சியே பரீட்சைதான். கனவுலகத்துக்குள்ள போய் பூதத்தை ஜெயிச்சுட்டு வரணும். தோத்துட்டா வெட்டுறதுக்கு டெம்ப்ளர்கள் பக்கத்துலயே வாளோட நிப்பாங்க. பரீட்சையே வேணாமா? உங்க மந்திரத்தோட சேர்த்து உணர்ச்சியையும் துடைச்சு எடுத்துடுவாங்க. சிரிக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. இவ்ளோ தெரிஞ்சப்புறம் நீங்க கையிலேர்ந்து விடுற ஒவ்வொரு நெருப்புப் பந்துக்கும் ஒரு கனம் வருது பாருங்க, அதை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் கொடுக்காது. 'ப்ளிசார்ட்', 'டெம்பெஸ்ட்'னு ரெண்டு மந்திரத்தைச் சரியா கலந்தா ஒரு ராட்சசப் புயல் கிளம்பும். அது தனிக் கொண்டாட்டம்.

2019-ல வந்த கனடா நாட்டு கேம் 'அவுட்வேர்ட்' இன்னும் கறார். ஆரம்பத்துல உங்ககிட்ட ஒரு துளி மந்திரசக்தி கிடையாது. மலைக்குள்ள இருக்கிற சக்தி ஊற்றைத் தேடிப் போய், உங்க உயிர்லயும் உடல் தெம்புலயும் ஒரு பங்கை நிரந்தரமா கொடுத்தாதான் கிடைக்கும். கொடுத்தது திரும்பி வராது. எவ்வளவு கொடுக்கிறதுன்னு அந்த ஊற்று முன்னாடி நின்னு நான் யோசிச்ச நேரத்துல ஒரு அசைன்மென்ட் முடிச்சிருக்கலாம்.

கேப்காமோட 'டிராகன்ஸ் டாக்மா' (2012) கேட்கிற விலை நேரம். பெரிய மந்திரத்தை உச்சரிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க நிராயுதபாணி. கூட இருக்கிறவங்க அடி வாங்கிக் காப்பாத்தணும். முடிச்சதும் வானத்துலேர்ந்து எரிகல் மழை! 2022-ல வந்த 'எல்டன் ரிங்'ல 'காமெட் அஸுர்'ங்கிற மந்திரத்துக்கு அறிவு 60 பாயின்ட் வேணும். அவ்வளவு நாள் உடம்பைத் தேத்தாம புத்தியை வளர்த்த பலன், ஒரே நீல வெள்ளமா பாயும்.

சைடு டிஷ்!

இந்த மூணையும் விட்டுடாதீங்க.

'மாஜிக்கா' (2011): சுவீடன்ல காலேஜ் பசங்களா சேர்ந்து ஆரம்பிச்ச ஆரோஹெட் ஸ்டூடியோவோட படைப்பு. எட்டு சக்திகள், அஞ்சு வரைக்கும் கலக்கலாம். நனைஞ்சிருக்கும்போது மின்னல் எடுத்தா ஷாக் உங்களுக்கே. கூட ஆடுற நண்பனையும் உங்க மந்திரம் கொல்லும். நட்பு நீடிச்சா அது தெய்வச் செயல்.

'நொய்ட்டா' (2020): ஃபின்லாந்து மொழியில சூனியக்காரின்னு அர்த்தம். திரையில இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் எரியும், உருகும், வழியும். மந்திரக்கோலுக்குள்ள மந்திரங்களை புரோகிராம் எழுதுற மாதிரி அடுக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு டெடிகேட்டட்!

'ஆர்க்ஸ் ஃபடாலிஸ்' (2002): மவுஸால காத்துல குறியீடு வரையணும். கோணலா வரைஞ்சா புஸ்ஸ்!

எதை எடுக்கலாம்?

பழைய லேப்டாப்பா? மாரோவிண்ட், பால்டர்ஸ் கேட் 2, டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். மூணுமே கிழட்டு மெஷின்லயும் ஓடும். மாரோவிண்ட் வாங்கினா 'ஓபன்எம்டபிள்யூ'ங்கிற இலவச இன்ஜின்ல போட்டுப் பாருங்க, இன்னும் சுத்தமா ஓடும். பால்டர்ஸ் கேட் 2-க்கு 2013-ல வந்த 'என்ஹான்ஸ்ட் எடிஷன்' எடுங்க.

நல்ல மெஷினா? பால்டர்ஸ் கேட் 3. காசு கம்மின்னா டிவினிட்டி 2.

கதைப் பைத்தியமா? டிராகன் ஏஜ். கஷ்டப்பட்டாதான் இனிக்குமா? அவுட்வேர்ட். நண்பர்களோட கும்மாளமா? மாஜிக்கா.

எதை எடுத்தாலும் ஒரே ஒரு அட்வைஸ்: முதல் தடவை ஆடும்போது கைடைத் திறக்காதீங்க. மந்திரவாதிக்கு மத்தவன் கண்டுபிடிச்சதை ஒப்பிக்கிறதுல என்ன கிக் இருக்கு?

கடைசியா, என் கதையோட மிச்சம். அந்த வாசப்படி ஆளை என்னோட மந்திரவாதி ஜெயிச்சான். எட்டாவது தடவையில இல்லை, பதினஞ்சுக்கும் மேல ஆகியிருக்கும். அவன் உச்சரிக்கும்போதே அடி விழுந்தா மந்திரம் கலைஞ்சுடும்னு டிக்‌ஷனரியும் கையுமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தூரத்துலேர்ந்தே அவன் முணுமுணுப்பைக் கலைச்சேன். டிக்‌ஷனரியில பார்த்த வார்த்தைகளை ஒரு நோட்டுல எழுதி வச்சேன். ரெண்டாவது பாகம் முடியிறதுக்குள்ள நோட்டு நிரம்பிடுச்சு.

ஃபைனல் இயர் கேம்பஸ் இன்டர்வியூ. குரூப் டிஸ்கஷன்ல ஒருத்தர் கேட்டார், "கன்டிஞ்சென்சி பிளான்னா என்னன்னு யாராவது சொல்ல முடியுமா?" நல்லா இங்கிலீஷ் பேசுற பசங்ககூட ஒரு செகண்ட் அமைதியாயிட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். வாழ்க்கையில முதல் தடவை. "உயிர் பாதிக்கு வந்தா தானா வேலை செய்யுற மாதிரி முன்னாடியே ஒரு ஏற்பாடு பண்ணி வைக்கிறது சார்"னு உடைஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். சிரிச்சாங்க. ஆனா தலையையும் ஆட்டினாங்க.

அந்தக் கம்பெனியில வேலை கிடைக்கலை. பரவாயில்லை. தூக்கின கை அப்புறம் இறங்கவே இல்லை. வேற ஒண்ணுல கிடைச்சுது.

மந்திரம் கால்தான் மக்களே... மதி முக்கால்!